கடல் தாண்டும் கிரெடிட்டும் பாளையங்கோட்டைச் சிலபஸும்

எங்கள் பக்கத்தில் வயலை ஏக்கரில் சொல்லும் பழக்கம் பிந்தி வந்ததுதான். தாத்தா காலத்துப் பேச்சில் ‘ஒரு கோட்டை விதைப்பாடு’, ‘பத்து மரக்கால் விதைப்பாடு’ என்றே இருக்கும். நீள அகலம் பார்க்காமல், எவ்வளவு விதை நெல் போடலாம் என்பதைக் கொண்டு நிலத்தை அளந்தார்கள். கோட்டைக்கு 21 மரக்கால் என்பது நெல்லைச் சீமைக் கணக்கு. அந்த மரக்கால் ஊருக்கு ஊர் கூடும், குறையும். ஆகவே கணக்குப் பேசும்போது எந்த ஊர் மரக்கால் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கல்லூரி கிரெடிட்டும் இதே மாதிரியான ஓர் அளவு. மாணவர் என்ன கற்றார் என்பதை அது நேராக அளப்பதில்லை. ஒரு பாடத்துக்கு எத்தனை மணி நேரம் செலவானது என்பதை அளந்து, அதைக் கொண்டு படிப்பின் அளவைச் சொல்கிறது. நாட்டுக்கு நாடு மரக்கால் வேறு. இங்கே வாங்கிய 90 கிரெடிட் அங்கே 90 ஆக இருக்காது. அதை விட முக்கியமான சங்கதி, அங்கே அளந்து பார்ப்பவர் அளவை மட்டும் பார்ப்பதில்லை, மூட்டையைப் பிரித்து நெல்லையும் பார்ப்பார்.

இதையெல்லாம் நான் அண்ணன் மகளுக்காக அலைந்து தெரிந்துகொண்டேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டு வருடம் படித்திருந்தாள். மூன்றாம் வருடம் தொடங்கும் முன் கல்யாணம். மாப்பிள்ளைக்கு டெக்சாஸில் வேலை. “அங்க போய் முடிச்சுக்கிடலாம்” என்று பெரியவர்கள் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். எப்படி முடிப்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் போன் செய்தாள். “சித்தப்பா, இங்க காலேஜ்ல மார்க் ஷீட்ட மட்டும் வச்சி ஒண்ணும் செய்ய முடியாதாம். ஒவ்வொரு பேப்பருக்கும் சிலபஸ் வேணுமாம். சீல் போட்டு வேணுமாம்.”

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் இப்படிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறிய பெண் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் படித்த இரண்டு வருடம் வீணாகப் போக வேண்டியதில்லை. ஆனால் அது தானாகவும் கூட வராது.

எந்த ஊர் மரக்கால்?

முதலில் அளவுகளைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் நான்கு வருட இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட், வருடத்துக்கு 30. ஐரோப்பாவில் ஈசிடிஎஸ் என்ற அளவு. 1989-ல், மாணவர்கள் நாடு விட்டு நாடு போய்ப் படிக்கும் எராஸ்மஸ் திட்டத்துக்காகவே அதை உருவாக்கினார்கள். வருடத்துக்கு 60, மூன்று வருடப் பட்டத்துக்கு 180. ஒரு ஈசிடிஎஸ் என்றால் வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பிரிட்டனில் வருடத்துக்கு 120, மூன்று வருட ஹானர்ஸ் பட்டத்துக்கு 360. அங்குள்ள இரண்டு கிரெடிட் ஒரு ஈசிடிஎஸ்ஸுக்குச் சமம். ஆஸ்திரேலியாவில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கணக்கு மாறும். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்கு 12.5 புள்ளி, வருடத்துக்கு 100. சிட்னியில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்கு 6, வருடத்துக்கு 48.

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2015-ல் விருப்பத் தேர்வு கிரெடிட் முறையைப் பரவலாக்கியது. 2023-ல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு, வருடத்துக்கு 1,200 மணி நேர உழைப்பு, 40 கிரெடிட், அதாவது கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்கிறது. மூன்று வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 120. நம் ஊர்க் கலை அறிவியல் கல்லூரிகளில் இது 140-ஐ ஒட்டி இருக்கும்.

இந்த 140-ஐக் கையில் வைத்துக்கொண்டு “அமெரிக்காவில் நான்கு வருடத்துக்கே 120தானே, எங்க பிள்ள அதத் தாண்டிட்டாளே” என்று கேட்கும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். கேள்வியில் நியாயம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, செமஸ்டர் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட் என்பது இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. ஆனால் அங்கே வகுப்பில் ஒரு மணி நேரம் இருந்தால் வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று சேர்த்துக் கணக்கு வைத்திருக்கிறார்கள். செமஸ்டருக்கு நான்கைந்து பாடம்தான் எடுப்பார்கள். நம் பிள்ளைகள் செமஸ்டருக்கு ஆறேழு பேப்பர், காலையிலிருந்து வகுப்பு. ஆகவே மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் மணிக் கணக்கை விட்டுவிட்டு வருடக் கணக்கைப் பிடிக்கிறார்கள். இங்கே ஒரு முழு வருடம் அங்கே ஒரு முழு வருடத்துக்குச் சமம், அதாவது 30. அந்தக் கணக்கில், இங்கே வருடத்துக்கு 40 கிரெடிட் என்று வைத்தால், நம்முடைய நான்கு கிரெடிட் பேப்பர் அமெரிக்காவில் மூன்று, ஐரோப்பாவில் ஆறு, பிரிட்டனில் பன்னிரண்டு.

அண்ணன் மகள் நான்கு செமஸ்டரில் 92 கிரெடிட் எடுத்திருந்தாள். மதிப்பீட்டு நிறுவனம் அதை 61 என்று எழுதிக் கொடுத்தது. கல்லூரி ஏற்றுக்கொண்டது 43.

மதிப்பிடுபவர் ஒருவர், ஏற்பவர் வேறொருவர்

61 எப்படி 43 ஆனது? இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிட அமெரிக்காவிலும் கனடாவிலும் தனி நிறுவனங்கள் இருக்கின்றன. டபிள்யூஈஎஸ் என்பது நம் ஆட்களுக்கு நன்கு தெரிந்த பெயர். இவை சொல்வது, இந்தப் படிப்பு எங்கள் நாட்டு அளவில் இவ்வளவு என்பது மட்டும். அது ஓர் ஆலோசனை. அந்தப் படிப்பில் எது தன் பட்டத்துக்குள் சேரும் என்பதைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிதான் முடிவு செய்யும். ஒரே மாணவிக்கு ஒரு கல்லூரி 43 தரும், பக்கத்து ஊர்க் கல்லூரி 30 தரும். இரண்டுமே விதிப்படிதான் இருக்கும். “கிரெடிட் முழுசும் டிரான்ஸ்பர் ஆயிரும்” என்று இங்கிருந்தே யாராவது உறுதி கொடுத்தால், அதை எழுத்தில், அந்தக் கல்லூரியின் தலைப்புத் தாளில் கேளுங்கள். பணம் கட்டும் முன் கேளுங்கள். பல கல்லூரிகள் சேர்க்கைக்கு முன்பே ஒரு முதல்கட்ட மதிப்பீட்டை எழுதித் தரும்.

மதிப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு வகை அறிக்கை இருக்கும். ஒன்று, மொத்தப் படிப்பு எதற்குச் சமம் என்று மட்டும் சொல்வது. மற்றது, பாடவாரியாகக் கிரெடிட்டும் கிரேடும் சொல்வது. கிரெடிட் மாற்றத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும். முதலாவது கட்டணம் குறைவு என்று அதை எடுத்துவிட்டு, மறுபடியும் பணம் கட்டியவர்கள் உண்டு.

கல்லூரி என்ன பார்க்கும்? பாடத்தின் உள்ளடக்கம் தன் பாடத்தோடு ஒத்துப்போகிறதா, மாணவர் வாங்கிய கிரேடு போதுமா என்ற இரண்டும்தான். அமெரிக்காவில் பொதுவாக ‘சி’ கிரேடுக்குக் கீழே இருந்தால் எடுக்க மாட்டார்கள். எடுத்துக்கொண்ட பாடத்தின் கிரெடிட் மட்டும் வரும், கிரேடு வராது. இங்கே 90 மார்க் வாங்கிய பேப்பரும் 60 வாங்கிய பேப்பரும் அங்கே வெறும் ‘மாற்றப்பட்டது’ என்றுதான் பதிவாகும், சராசரியில் சேராது. நன்றாகப் படித்த பிள்ளைக்கு இது வருத்தம்தான். பாஸ் மார்க்கை ஒட்டிக் கரையேறிய பிள்ளைக்குப் புதிதாகத் தொடங்க ஒரு வாய்ப்பு. அப்புறம், எவ்வளவு கொண்டுபோனாலும் பட்டம் தரும் கல்லூரியிலேயே இவ்வளவு படித்தாக வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கும். 120-ல் கடைசி 30-ஐயாவது அங்கே படிக்க வேண்டும் என்பது பரவலான விதி.

பகுதி ஒன்று தமிழ்

நம் கல்லூரி மார்க் ஷீட்டைப் பார்த்து வெளிநாட்டு அலுவலர் முதலில் குழம்பும் இடம், அதில் இருக்கும் ‘பார்ட்’ பிரிவுகள். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் பட்டத்தில் பகுதி 1 தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும், பகுதி 4 சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி மாதிரியானவை, பகுதி 5 நாட்டு நலப்பணித் திட்டம், என்சிசி, விளையாட்டு. இந்த அமைப்பை விளக்கும் ஒரு பக்கம் நம் டிரான்ஸ்கிரிப்டின் பின்புறம் அச்சாகியிருந்தால் எவ்வளவோ உதவியாக இருக்கும். பெரும்பாலும் இருப்பதில்லை.

பகுதி 4-ம் 5-ம் பெரும்பாலும் கழிந்துபோகும். சார்புப் பாடமாகப் படித்த கணிதமும் இயற்பியலும்தான் நல்ல மதிப்பு பெறும், ஏனென்றால் அமெரிக்காவில் முதல் இரண்டு வருடத்தில் எல்லோரும் எடுக்க வேண்டிய பாடங்கள் அவை. மாணவர்கள் ‘அலைடு பேப்பர்தானே’ என்று ஏனோதானோ என எழுதுகிற பேப்பர்கள் அங்கே போய்க் கை கொடுக்கின்றன என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

தமிழ்ப் பேப்பர்தான் எனக்குப் பெரிய வேலை வைத்தது. மற்றப் பாடங்களின் சிலபஸ் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்ச் சிலபஸ் தமிழிலேயே இருந்தது, அது இயல்புதான். அதை அப்படியே அனுப்பினால் எடுக்க மாட்டார்கள், மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பு சரியென்று சான்றும் வேண்டும் என்றார்கள். நான்கு செமஸ்டர் தமிழ்ப் பாடத்திட்டத்தையும் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். சங்கப் பாடல், பக்தி இலக்கியம், சிறுகதை, இலக்கிய வரலாறு வரை சுலபம். சிற்றிலக்கியத்துக்கு வந்தபோது ‘பள்ளு’ என்பதை என்னவென்று எழுதுவது? வயலில் வேலை செய்யும் மக்களின் வாழ்க்கையை, விதை பெயர், மாட்டின் பெயர், மீன் பெயர் வரை சொல்லும் நாடகப் பாங்கான செய்யுள் வகை என்று மூன்று வரி எழுதினேன். பாளையங்கோட்டை நீதிமன்றத்துப் பக்கம் ஒரு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினோம்.

அந்தக் கல்லூரி அதில் இரண்டு பேப்பரை ‘உலக இலக்கியம்’ என்ற பிரிவில் சேர்த்து 6 கிரெடிட் கொடுத்தது. மீதி இரண்டைப் பிற மொழிப் பாடமாக எடுத்துக்கொண்டது. வெறும் ‘தமிழ் 1, தமிழ் 2’ என்று மார்க் ஷீட்டில் இருந்ததை மட்டும் அனுப்பியிருந்தால் இதில் ஒன்றும் வந்திருக்காது. அலுவலர் பாடத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, பெயருக்குக் கீழே இருப்பதைப் படிக்கிறார். அதை அவர் கண்ணுக்கு முன்னால் வைக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

சிலபஸ் எங்கே இருக்கிறது?

சரி, அந்தச் சிலபஸ் எங்கே கிடைக்கும்? கல்லூரி இணையதளத்தில் இருந்தது புதுச் சிலபஸ். இவள் படித்தது அதற்கு முந்தியது. பாடத்திட்டம் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும். மாறியதும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றிவிடுவார்கள். துறை அலுவலகத்தில் கேட்டேன், பீரோவில் இருக்கும் என்றார்கள். பீரோவில் இல்லை. கடைசியில் ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர் வீட்டில் பைண்டிங் செய்த ஒரு பிரதி இருந்தது. அவர் அதை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தபோது எனக்கு நிம்மதி வந்தது. ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கல்லூரி சீல் வாங்க இன்னும் மூன்று வாரம். மொத்தத்தில் மூன்று மாதம் போனது. அங்கே அவளுக்கு ஒரு செமஸ்டர் சேர்க்கை தவறியது.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த அலுவலகத்தில் இரண்டு பேர் நாலு பேர் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் இந்த மூன்று மாதம் தேவையே இல்லாதது. ஒவ்வொரு கல்லூரியும் தன் பழைய சிலபஸ் அத்தனையையும், எந்த வருடச் சேர்க்கைக்கு உரியது என்ற குறிப்போடும், ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் என்ற கணக்கோடும் இணையத்தில் போட்டு வைத்தால் போதும். அதற்குச் செலவு அதிகம் இல்லை. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். தூய யோவான் கல்லூரியின் வயது 1878-லிருந்து எண்ண வேண்டியது. தூய சவேரியார் கல்லூரி 1923-ல் தொடங்கி நூறு வருடம் கண்டுவிட்டது. அத்தனை தலைமுறை என்ன படித்தது என்பதற்கான சான்றும் அந்தப் பெருமையில் சேர்ந்ததுதானே.

இன்னொரு முடிச்சு, டிரான்ஸ்கிரிப்ட் யார் தர வேண்டும் என்பது. பெரும்பாலான கல்லூரிகள் இணைப்புக் கல்லூரிகள். பாடம் நடத்துவது கல்லூரி, தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகம். ஆகவே மூடி முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத் தேர்வாணையர் அலுவலகத்திலிருந்து போக வேண்டும். நமக்கு அது அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வைக் கல்லூரியே நடத்தி மார்க் ஷீட் தருகிறது, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. அப்போது இரண்டு இடத்துக்கும் நடக்க வேண்டியிருக்கும்.

இதில் வருடமும் பார்க்க வேண்டும். சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல்தான் வந்தது. அதற்கு முன் இந்தக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. அது தொடங்கியது 1966-ல். அதற்கும் முன் சென்னைப் பல்கலைக்கழகம். 1985-ல் பாளையங்கோட்டையில் பி.காம். முடித்தவர் இன்று கனடாவில் இருந்துகொண்டு டிரான்ஸ்கிரிப்ட் கேட்டால் மதுரைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பொறியியலில் இன்னும் சிக்கல். நம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலிருந்து அண்ணா பல்கலைக்கழகத்துக்கு மாறின, நடுவில் 2007 முதல் 2012 வரை திருநெல்வேலியிலேயே தனி அண்ணா பல்கலைக்கழகம் ஒன்று இருந்து, பிறகு சென்னையோடு சேர்ந்துவிட்டது. மார்க் ஷீட்டின் தலைப்பில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பெயர் என்றதும் நினைவுக்கு வருவது இனிஷியல். மார்க் ஷீட்டில் ‘எஸ்’ என்று ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து கடைசியில், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று அந்த ஊர் அலுவலருக்கு எப்படித் தெரியும்? ஒரே ஆள் என்பதற்கான பிரமாணப் பத்திரம் ஒன்றைப் புறப்படும் முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. டிரான்ஸ்கிரிப்ட் நான்கைந்து உறை, முத்திரை வைத்த சிலபஸ், ஆங்கில வழியில் படித்ததற்கான சான்று, இவற்றையும் கூடவே. ஊரில் இருக்கும்போது இது ஒரு வார வேலை. அங்கே போன பிறகு சித்தப்பா மாமா எல்லோரும் அலைய வேண்டியிருக்கும்.

ஜெர்மனியும் பாஸ் மார்க்கும்

முதுநிலைக்குப் போகிறவர்களுக்குக் கிரெடிட் மாற்றம் அவ்வளவாகத் தேவைப்படாது, பட்டம் முடிந்துவிட்டதே என்று நினைக்கலாம். ஜெர்மனிக்குப் போகிறவர் அப்படி நினைத்தால் மாட்டிக்கொள்வார். அங்கே பல முதுநிலைப் படிப்புகளுக்குச் சேர்க்கைத் தகுதியே கிரெடிட்டில் இருக்கிறது. கணிதத்தில் இத்தனை ஈசிடிஎஸ், நிரலாக்கத்தில் இத்தனை என்று தனித்தனியாகக் கேட்பார்கள். நம் மூன்று வருடப் பட்டம் அதிகபட்சம் 180 ஆகத்தான் எடுபடும். 210 கேட்கும் படிப்புக்கு 30 குறையும். எந்தப் பேப்பரைக் கணிதத்தில் சேர்ப்பது என்பதை இவர்களே பட்டியல் போட்டு, சிலபஸோடு வைத்துக் காட்ட வேண்டும். இந்தியச் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்று 2022 நவம்பர் 1 முதல் கட்டாயம்.

மார்க்கை மாற்றும் சூத்திரமும் அங்கே உண்டு. பவேரியச் சூத்திரம் என்பார்கள். ஜெர்மனியில் 1 சிறந்தது, 4 பாஸ். உச்ச மதிப்பிலிருந்து நாம் வாங்கியதைக் கழித்து, உச்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 10, நம் பிள்ளை வாங்கியது 8 என்று வையுங்கள். பாஸ் 5 என்றால் விடை 2.2. பாஸ் 4 என்றால் 2.0. அதே படிப்பு, அதே மார்க், பாஸ் மார்க் எது என்பதை வைத்துத் தரம் மாறுகிறது. சில சேர்க்கைகளில் இந்த 0.2 பெரிய வித்தியாசம். ஆகவே கல்லூரியின் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பு என்ன என்பது டிரான்ஸ்கிரிப்டிலோ தனிக் கடிதத்திலோ தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு நேர்மாறான எச்சரிக்கை. அங்கே கிரெடிட் அதிகம் கிடைப்பது எப்போதும் லாபம் இல்லை. படிப்புக்குப் பிறகு தங்கி வேலை பார்க்கும் விசாவுக்குக் குறைந்தது 92 வாரப் படிப்பை, 16 மாதத்துக்குக் குறையாமல், அங்கேயே முடித்திருக்க வேண்டும். கிரெடிட் கொடுத்துக் கழித்துவிட்ட பாடங்கள் அந்த 92 வாரத்தில் சேராது. இரண்டு வருட முதுநிலையில் ஒரு செமஸ்டரைக் கழித்துக்கொண்டால் கட்டணம் மிச்சம், விசாவுக்கு வாரம் குறையலாம். கையெழுத்துப் போடும் முன் வாரத்தை எண்ணிவிட வேண்டும்.

மருத்துவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே மாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, இந்தியாவில் தொழில் செய்ய வேண்டுமென்றால் குறைந்தது 54 மாதப் படிப்பும் 12 மாதப் பயிற்சியும் ஒரே வெளிநாட்டு நிறுவனத்தில் முடித்திருக்க வேண்டும். 2022-ல் போரால் உக்ரைனிலிருந்து திரும்பிய மாணவர்களுக்கு மட்டும், வேறு நாட்டில் தொடர்ந்து படித்து உக்ரைன் பல்கலைக்கழகத்திலேயே பட்டம் வாங்கும் வழியை ஆணையம் அனுமதித்தது. அது அந்த நெருக்கடிக்கான சலுகை. “முதல் ரெண்டு வருஷம் ஒரு நாட்டுல, மீதி இன்னொரு நாட்டுல” என்று இன்று யாராவது சொன்னால், பையனைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இங்கிருந்தே போய் வருவது

பட்டம் இங்கே, ஒரு செமஸ்டரோ இரண்டோ மட்டும் வெளியே என்ற வழியும் இப்போது திறந்திருக்கிறது. யுஜிசி 2022-ல் கொண்டுவந்த விதிமுறையில் இரட்டைப் பிணைப்புத் திட்டம் என்ற வகையில், மொத்தக் கிரெடிட்டில் 30 சதவீதம் வரை வெளிநாட்டுக் கல்லூரியில் படிக்கலாம், பட்டம் இங்கேதான் கிடைக்கும். எந்தக் கல்லூரியும் இதைத் தொடங்கிவிட முடியாது. கல்லூரிகளைத் தரமிடும் நாக் அமைப்பின் மதிப்பெண் 3.01-க்குக் குறையாமல் இருப்பது போன்ற தகுதிகள் உண்டு.

பரிமாற்ற மாணவராகப் போவதில் ஐரோப்பியர்கள் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. புறப்படும் முன் மாணவர், அனுப்பும் கல்லூரி, ஏற்கும் கல்லூரி மூன்று பேரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் ஒன்று உண்டு. அங்கே இந்தப் பாடம் படித்தால் இங்கே இந்தப் பாடத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். திரும்பி வந்த பிறகு ‘அந்தப் பேப்பரை இங்கே மறுபடி எழுது’ என்று சொல்ல முடியாது. நம் தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டக் குழு கூடி இதைச் செய்ய முடியும். இணைப்புக் கல்லூரியில் முதல்வர் வாய்மொழியாகச் சரி என்றால் போதாது, சிலபஸும் தேர்வும் பல்கலைக்கழகத்துடையது, அனுமதியும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

2021-ல் வந்த கிரெடிட் வங்கியைப் பற்றியும் பிள்ளைகள் கேட்கிறார்கள். வாங்கிய கிரெடிட் அதில் ஏழு வருடம் வரை இருக்கும். ஒரு கல்லூரியில் விட்டதை இன்னொரு கல்லூரியில் தொடரலாம், பட்டம் தரும் நிறுவனத்தில் பாதியாவது படித்திருக்க வேண்டும். இது இந்தியக் கல்லூரிகளுக்குள் நடக்கும் கணக்கு. டெக்சாஸ் கல்லூரி இந்த வங்கியில் வந்து பணம் எடுக்காது. ஆனாலும் கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்தும் பெண்ணுக்கு இது பெரிய காப்பு. ஐந்தாறு வருடம் கழித்து ஊருக்கே திரும்பி வந்தாலும் அவள் படித்தது அவள் கணக்கில் இருக்கும். நிறுத்துவதற்கு முன் கணக்கு தொடங்கியாயிற்றா, எல்லாச் செமஸ்டர் கிரெடிட்டும் ஏறியிருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் பார்த்துவிட வேண்டும்.

வெளியே முடித்துவிட்டு இங்கே வேலைக்கோ மேற்படிப்புக்கோ வருகிறவர்களுக்கு, அந்தப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைச் சான்று வேண்டும். நெடுங்காலம் இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் அதைக் கொடுத்து வந்தது. 2025 ஏப்ரலில் யுஜிசி இதற்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. அந்த வெளிநாட்டு நிறுவனம் அதன் நாட்டில் அங்கீகாரம் பெற்றதா, சேர்க்கைத் தகுதியும் கிரெடிட் அளவும் இங்குள்ளதோடு ஒப்பிடத் தக்கவையா என்று பார்ப்பார்கள். பெயரை மட்டும் வாடகைக்கு வாங்கி நடத்தும் கிளைகளில் வாங்கிய பட்டத்துக்கு இது கிடைக்காது. மருத்துவம், சட்டம், மருந்தியல், செவிலியர் படிப்பு போன்றவை அந்தந்தக் கவுன்சிலின் விதிப்படி.

அண்ணன் மகள் இப்போது கடைசி செமஸ்டரில் இருக்கிறாள். அவளோடு படித்த இன்னொரு பெண் அட்லாண்டாவிலிருந்து போன மாதம் எனக்குப் பேசினாள். அதே துறை, அதே வருடம், அதே சிலபஸ். பேராசிரியர் வீட்டுப் பிரதியை ஸ்கேன் செய்து வைத்திருந்ததால் அன்று ராத்திரியே அனுப்பிவிட்டேன், தமிழ்ப் பாடத்தின் மொழிபெயர்ப்பையும் சேர்த்து. சீலுக்கு மட்டும் அவளுடைய அப்பா திங்கள்கிழமை கல்லூரிக்குப் போகிறார்.